பளபளக்கும் பதக்கங்கள்

போன வருடம் இறந்துபோன அப்பாவின் பட்டாளத்துப் பதக்கங்களை, அவர் தொப்பியோடு சேர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தரச் சொல்லித் தஞ்சாவூரில் ஒரு பிரேம் கடையில் கொடுத்திருந்தோம். இன்று அம்மாவும் நானும் வாங்கப் போனோம்.

தேக்குச் சட்டம், உள்ளே பச்சை வெல்வெட். கடைக்காரர் தன் கையாலேயே செய்திருந்தார். குறை சொல்ல முடியாத வேலை.

"ஒரே கறையா இருந்துச்சும்மா. பட்டாளத்துக்காரர் பொருளாச்சேன்னு நானே உக்காந்து புளி போட்டுத் தேச்சேன். நாடாவையும் புதுசா மாத்திட்டேன்," என்றார்.

அம்மா பெட்டியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க," என்றாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வாய் திறந்தாள்.

"ஆயுத பூசைக்கு அருவா, மம்முட்டியோட இதையும் எடுத்து வச்சு, உங்கப்பாதான் சந்தனம் குங்குமம் வைப்பாரு. அது கறை இல்லடி. அவரு விரல் பட்ட எடம்."

கடைக்காரரிடம் கோபப்படலாம் என்றால், அந்த மனுஷர் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. மரியாதையாகத்தான் தேய்த்திருக்கிறார்.

பெட்டியைக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது. பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக வீட்டுக்கு வாருங்கள். பளபளவென்று இருக்கிறது என்று மட்டும் அம்மா காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.