சால்வை போட்ட இருக்கை

படகில் வேலை செய்கிறவர்களுக்கு ஆற்றால் ஒரு கரைச்சலும் தொல்லையும் இல்லை. கரைச்சல் எல்லாம் டிக்கெட்டோடு ஏறுகிற சனத்தால்தான்.

கடையிலோ பாங்கிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ நாள் முழுக்கச் சனத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நொந்த கன்னத்தைத் தடவிக்கொள்கிற என் இனத்தவர்களே, உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். குளிர்காலத்தில் எனக்கு டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. கோடை வந்தால் மொன்றியல் பழைய துறைமுகத்தில் இருந்து புறப்படும் உல்லாசப் படகொன்றில் பணிப்பெண். தேநீர் கொடுப்பேன், கழிப்பறைக்கு வழி காட்டுவேன், தலைசுற்றுகிறவர்களுக்குப் பை நீட்டுவேன்.

சென்ற கோடையில் எனக்கொரு ஆசை வந்தது. எங்கள் தேவாலயத்துத் தமிழ்ப் பங்குச் சனத்தை ஒருநாள் இந்தப் படகில் ஏற்றிச் சொரேலுக்குக் கூட்டிப்போக வேண்டும். சொரேல் ஆற்றோரத்தில் இருக்கிற பழைய சின்ன ஊர். காலையில் வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு முன் போய்விடலாம். ஊரைப் பார்த்து, சாப்பிட்டு, ஆறுதலாகத் திரும்பலாம். அலுவலகத்தில் நச்சரித்துச் சம்மதம் வாங்கினேன். கப்டன் லூக் மட்டும் முகத்தைச் சுளித்தார். அன்று மாலை அதே படகில் ஒரு கல்யாண விருந்து. ஆறு மணிக்குள் மொன்றியலில் நிற்க வேண்டும். அவர் தன் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "சொரேலில் ஒன்றரைக்குக் கயிற்றை அவிழ்ப்பேன். வராத ஆள் பஸ்ஸில் வரட்டும். அதோடு உன் ஆட்களுக்கு இந்தப் படகில் அடுத்த பயணம் கிடையாது."

கைக்குட்டையும் பயணியா?

எங்கள் ஆட்கள் பிந்துவார்கள் என்று லூக்குக்கு முதலே சொல்லி வைத்திருந்தேன். நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். படகுக்கு எட்டு மணி. விடியற்காலையிலேயே துறைமுகத்தில் சனம் நின்றது. காரணம் பக்தி அல்ல. டிக்கெட்டில் இருக்கை இலக்கம் இல்லை என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. பிந்தி வருவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்பது உண்மைதான், ஆனால் இடம் பிடிக்க வேண்டும் என்றால் கோழிக்கு முன்னமே எழும்பிவிடுவோம்.

படகில் ஏறுகிற பலகைப் பாலத்தைத் திறந்ததும் முதலில் இளம் கால்கள் ஓடின. ஆட்கள் ஏறி முடிய முன்னமே மேல்தட்டு முழுக்க லேஞ்சி என்கிற கைக்குட்டை, குடை, சால்வை, ஒரு குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து என்று விரிந்து கிடந்தது. ஒருவர் விரித்ததை இன்னொருவர் தொடவில்லை. சண்டை பிடிப்போம், கோபத்தில் வருடக்கணக்காகக் கதைக்காமல் இருப்போம். ஆனால் இன்னொருவர் சால்வை போட்டு வைத்த இடத்தில் கை வைக்க மாட்டோம். லூக் மேலே வந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "ஜெனிற்றா, இத்தனை கைக்குட்டைகளும் சொரேலுக்குப் போகின்றனவா?"

எந்த வீட்டு ஆள்?

ஆட்களை எண்ணுவதற்கு லூக் கையில் ஒரு கருவி வைத்திருக்கிறார், ஆளுக்கு ஒரு அழுத்து. எங்கள் சனம் அதற்குள் அடங்கவில்லை. ஏறியவர் இறங்கினார், இறங்கியவர் மறந்த சோற்றுப் பெட்டியோடு திரும்ப ஏறினார். கருவி களைத்துப் போனது. பங்கில் பயண ஒழுங்குகளுக்குப் பொறுப்பான அன்ரன் அண்ணை, "அதை விடு பிள்ளை" என்றுவிட்டு எங்கள் முறையில் தொடங்கினார். வீடு வீடாகக் கூப்பிடுவது. "ஜோசப் வீடு?" "ஓம், எல்லாரும் வந்திட்டம்." "றெஜினா வீடு?" "ஓம் அண்ணை."

எல்லா வீடும் முடிந்த பிறகும் பாலத்தடியில் ஒருவர் நின்றார். செல்வராணி அக்கா. அறுபது தாண்டியவர், மன்னார்ப் பக்கம், மகன் ரொறன்ரோவில், இங்கே தனியாக இருக்கிறார். ஒரு காலைப் பாலத்தில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். நான் இறங்கிப் போனேன். சண்டைக் காலத்தில் மன்னாரில் இருந்து ராமேஸ்வரத்துக்கு இரவோடிரவாகச் சின்னப் படகில் போனவராம். அன்றைக்குப் பிறகு படகில் ஏறவே இல்லையாம். "இந்த முறை ஏறிப் பாப்பம் எண்டுதான் வந்தனான். கால் கேக்குதில்லை" என்றார். "நீங்கள் என்ர வீட்டு ஆள் அக்கா, வாங்கோ" என்று கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "உன்ர வீட்டு ஆளெண்டால், பேந்து என்னை விட்டிட்டுப் போகக்கூடாது, சொல்லிப்போட்டன்."

பேராசிரியரின் அங்கி

புறப்பட்டதும் உயிர்காப்பு அங்கி போடுகிற விதத்தைச் செய்து காட்டுவது என் வேலை. வழக்கமாக ஒருவரும் பார்ப்பதில்லை. ஆற்றுக்கு மேலே போகிற பெரிய பாலத்தைப் படம் எடுப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் செல்வராணி அக்கா அந்த அங்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆறு குளம் மாதிரிக் கிடந்தது, வெயில் சுட்டது. பின்வரிசையில் இரண்டு பெடியள் சிரித்தார்கள். அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. கழற்றவும் முடியாமல், போட்டிருக்கவும் வெட்கப்பட்டுத் தலை குனிந்தார். எனக்கு அந்தப் பெடியளின் காதைத் திருகினால் என்ன என்று வந்தது.

அன்ரன் அண்ணையின் அயல்வீட்டுக்காரர் கோபாலன் சார். மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கிற சென்னைக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர், எங்கள் கோயில் பயணத்துக்கு விருந்தாளியாக வந்தவர். அதுவரை சொரேல் கோட்டையின் சரித்திரத்தை யாருக்குச் சொல்லலாம் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் கையை நீட்டினார்: "எனக்கும் ஒண்ணு குடுங்கம்மா. நாப்பது வருஷமா ஃப்ளைட்ல இத செஞ்சு காட்டுறாங்க, ஒரு தடவகூடப் போட்டுப் பாத்ததில்ல."

சொரேல் கூழ்

சொரேலில் இறங்கும்போது மேல்தட்டைப் பார்த்தேன். லேஞ்சி, சால்வை, பைகள் எல்லாம் திரும்ப இருக்கைகளில் ஏறியிருந்தன. படகில் வேறு ஆளே இல்லை, யார் உங்கள் இடத்தைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். கேட்டதற்காக என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

சொரேலுக்கு என்று ஒரு சாப்பாடு உண்டு. ஆற்று மீனையும் காய்கறியையும் போட்டுக் குழைய அவித்த சூப். ஆற்றோரத்துச் சாப்பாட்டுக் கடையில் எங்கள் சனம் கிண்ணத்தைக் கண்டதும் ஒரு விசாரணையே நடந்தது. மீன் எப்ப பிடிச்சது? தலையை என்ன செய்யிறியள்? புளி எங்கே? கடைக்காரப் பெண்ணுக்கு நான் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து வாய் உலர்ந்தது. கோபாலன் சார் மீன் சாப்பிடாதவர்; பாணும் பட்டரும் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஊரில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற மீன் கூழை நினைத்தபடி அன்ரன் அண்ணை இரண்டு கிண்ணத்தை முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கூழ் காய்ச்சத் தெரிஞ்ச சனம்தான், பிள்ளை. ஒடியல் மா போட மறந்திட்டினம்."

என் வீட்டில் ஒரு ஆள் குறைவு

ஒன்றரைக்குச் சற்று முன் படகடியில் அன்ரன் அண்ணை வீடு வீடாகக் கூப்பிட்டார். ஜோசப் வீடு வந்துவிட்டது. றெஜினா வீடு வந்துவிட்டது. கோபாலன் சார் வீடுகூட வந்துவிட்டது. கடைசியில் என்னைப் பார்த்து, "ஜெனிற்றா வீடு?" என்றார். செல்வராணி அக்காவைக் காணவில்லை. கிண்ணங்களுக்கும் மொழிபெயர்ப்புக்கும் நடுவில் அவரை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஓடினோம். கோயிலுக்குள் பார்த்தோம், சதுக்கத்து மரங்களுக்குக் கீழே பார்த்தோம், தெப்பனூர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடையில் கேட்டோம். அந்தக் கடைக்காரர் அப்படி ஒருவரைக் காணவில்லை என்று தலையாட்டினார். கைப்பேசிக்கு அடித்தால் பிரெஞ்சில் ஒரு பெண் செய்தி வைக்கச் சொன்னாள். பஸ் தரிப்பிடத்துக்கும் ஆள் அனுப்பினேன். திரும்பப் படகில் ஏறப் பயந்து, யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார் என்றே நினைத்தேன். போக மாட்டேன் என்று நின்ற காலைப் பிடித்து இழுத்து ஏற்றியவள் நான்தானே. பிரெஞ்சு தெரியாத மனுசி, தெரியாத ஊர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லூக் கத்துவார் என்று பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கால் மணி நேரம் தருகிறேன் என்றார். அதுவும் போனது. நான் இறங்கி நின்று தேடுகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். எங்கே இருந்தாலும் கேட்கட்டும் என்று லூக் படகின் சங்கை நீட்டி ஊதினார். ஊரிலிருந்த புறாவெல்லாம் எழும்பியது. மேல்தட்டின் கடைசி வரிசை நீள இருக்கையில், அந்த வாங்கில், சால்வை போர்த்திக் கிடந்த ஒரு பைக்குவியலும் எழும்பியது.

சால்வைக்குள் இருந்து செல்வராணி அக்கா. உயிர்காப்பு அங்கியைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்திருந்திருக்கிறார். லூக் காப்பி வாங்கப் போன நேரம் ஏறியிருக்கிறார். அந்த வாங்குக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கால் கடுக்க நின்றுகொண்டே அவரைத் தேடியிருக்கிறார்கள். ஏன் ஒருவரும் சால்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை என்று லூக் கேட்டார். அன்ரன் அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார்: "ஆரோ பிடிச்ச இடம் ஐயா! அதை எப்பிடித் தொடுறது?"

நித்திரை

நான் படியிலேயே குந்திவிட்டேன். அழுதேன், சிரித்தேன், மூக்கைத் துடைக்க ஏதோ ஒரு இருக்கையில் கிடந்த லேஞ்சியை எடுத்தேன். அதன் சொந்தக்காரி என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஏன் அக்கா ஒருவருக்கும் சொல்லாமல் ஏறினீர்கள் என்று கேட்டால், நான்தான் ஏதோ தெரியாத பிள்ளை என்பது போலப் பார்த்தார். "போட் ஒருத்தருக்கும் நிக்காது, பிள்ளை. அதுதான் முந்தி வந்து உனக்கும் சேத்து இடம் பிடிச்சனான்." உண்மைதான். அவருடைய பை பக்கத்து இருக்கையில் இருந்தது.

லூக் படகைக் கொஞ்சம் விரட்டினார். ஆறு மணிக்குச் சற்று முன் மொன்றியலில் கயிறு கட்டினோம். கல்யாணச் சனம் கரையில் பூவோடு நின்றது. எங்கள் சனத்தை இறக்கிவிட்டு நான் மூச்சு விட்டேன். காலையில் இருந்து அதுதான் முதல் முழு மூச்சு. லூக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். திட்டுவதற்குத்தான் என்று நினைத்தேன். "அடுத்த கோடையிலும் இவர்களைக் கூட்டி வா. ஆனால் கைக்குட்டைகளை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொல்" என்றார்.

செல்வராணி அக்கா கடைசியாக இறங்கினார். இந்த முறை கையைப் பிடிக்கவில்லை. அங்கியை ஒழுங்காக மடித்து என்னிடம் தந்தார். போகிற போக்கில் நின்று, ஆற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு அந்தப் படகில விடியும்வரை ஒருத்தரும் கண் மூடேல்லை, பிள்ளை. அந்த நித்திரையைத்தான் இண்டைக்குக் கொண்டனான்."

இப்போதெல்லாம் எங்கள் படகில் ஆட்களை எண்ணத் தொடங்க முன் கப்டன் லூக்கே மேல்தட்டுக்குப் போய், ஒவ்வொரு சால்வையாக மன்னிப்புக் கேட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறார்.