படகு இழுக்க ஒரு பழைய பிக்கப்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள், முனுசாமி காது கொடுத்துக் கேட்காத வண்டியை வாங்காதே என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பானெட்டைத் திறக்காமலே நாலு சிலிண்டரில் எது சோம்பேறி என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெயரால் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது உண்மை. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தலைக்கனம் ஒரு நல்ல மனிதரின் உயிரை வாங்கப் பார்த்தது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதுகிறேன்.

1. சாமுவேல் சாரின் படகுகள்

சாமுவேல் சார் கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அவர் மனைவி ரூபி டீச்சர் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்தார். கிழக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு, பின்னால் பெரிய காலி இடம். அந்த இடத்தில் சார் இரண்டு வருஷம் பாடுபட்டு, பிளைவுட்டில் பன்னிரண்டடிப் படகு இரண்டு கட்டியிருந்தார். முட்டுக்காடு உப்பங்கழியில் லீவு நாட்களில் வருகிறவர்களுக்குப் படகை வாடகைக்கு விடுவது அவர் திட்டம். அதை நம்பி வேலையையும் ராஜினாமா செய்துவிட்டார். மனுஷனுக்கு அவ்வளவு ஆசை.

படகுகளை அங்கேயே விட்டுவைத்தால் மறுநாள் துடுப்பு இருக்காது. அதனால் போகும்போது இழுத்துக்கொண்டு போய், சாயங்காலம் இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு ஏற்ற ஒரு பிக்கப், இன்னொன்றுக்கு அதன் பின்னால் ஒரு டிரெய்லர். டிரெய்லரைப் பழைய கார் ஆக்ஸிலில் நானே செய்து தருவதாகச் சொன்னேன். பிக்கப்பைத் தேடும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார். நான் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன்.

2. கோவிலம்பாக்கத்து வண்டியும் பம்மல் வண்டியும்

இரண்டு வண்டிகள் அகப்பட்டன. இரண்டும் ஒரே மேக், ஒரே மாடல். முதல் வண்டி கோவிலம்பாக்கத்தில் ஒரு செங்கல் சூளையில் நின்றது. ஸ்டார்ட் செய்ததும் சூளையைவிட அதிகமாகப் புகைந்தது. பிஸ்டன் கடகடவென்று அடித்துக்கொண்டது. பாதி நிமிஷத்தில் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, இது தேறாது சார் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வண்டி பம்மலில் ஒரு தோல் ஷெட்டில் இருந்தது. புரோக்கர் எத்திராஜ் காட்டினான். அன்றைக்கு டீச்சரும் கூட வந்திருந்தார். ரேடியேட்டரில் கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சில புரோக்கர்கள் நாம் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள், வியாதி தெரியாது. இவன் அந்த வேலை செய்யவில்லை. ஒரே சுழற்றலில் வண்டி எழுந்துகொண்டது. ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டேன். அவ்வளவு சுத்தமான எஞ்சினை அந்த வருஷம் நான் கேட்டதே இல்லை.

டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்த வண்டியில் என்ன ஏற்றுவார்கள் என்று கேட்டார்.

“பச்சத் தோலு மேடம். உப்பு போட்ட தோலு,” என்றான் எத்திராஜ். பிறகு என் பக்கம் திரும்பி, “இஞ்சின் சும்மா கிணீர்னு கீது. அத்தப் பாரு நைனா,” என்றான்.

“உப்புத்தண்ணி வருஷக்கணக்கா கீழ சொட்டியிருக்குமே, முனுசாமி. அடிப்பக்கம் பாத்தீங்களா?” என்று டீச்சர் கேட்டார்.

பேருக்குக் குனிந்து பார்த்தேன். வண்டியையே தாங்குகிற இரும்புச் சட்டமான சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட், பளபளவென்று இருந்தது. பழைய வண்டியின் அடியில் புதுப் பெயிண்டைப் பார்த்தால் இவன் எதை மூடுகிறான் என்றுதான் எந்த மெக்கானிக்குக்கும் தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. என் காதில் அந்த எஞ்சின் சத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“மூக்கால மோந்து பாத்து வண்டி வாங்க முடியாது டீச்சர். நல்லா கழுவினா நாத்தம் போயிடும்,” என்றேன்.

சார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. வண்டியை வாங்கிவிட்டோம்.

3. மாம்பாக்கம் தாண்டி

டிரெய்லர் கொக்கியைப் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில்தான் மாட்டினேன். துளை போடும்போது டிரில் பிட் பப்பாளிப் பழத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. பிட் புதிது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலையில் வெள்ளோட்டம். டிரெய்லரில் படகைக் கயிறு போட்டுக் கட்டினோம். சார் அதற்குள் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டார். ஆள் உட்கார்ந்தால் படகு குதிக்காது என்பது அவர் கணக்கு. அந்த நாளில் எல்லாரும் செய்ததுதான். டிரெய்லரில் எது போனாலும் அதன்மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். டீச்சர் மட்டும், இறங்குங்கள் என்றார். சார் கெஞ்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“உக்காரட்டும் டீச்சர். வண்டிக்கு நான் கேரண்டி,” என்றேன்.

அவர் இறங்காமல் தான் வண்டியில் ஏறப்போவதில்லை என்று டீச்சர் கேட்டிலேயே நின்றுவிட்டார். சார் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார். முன்னால் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். நான் ஓட்டினேன்.

வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் போகிற ரோட்டில் மாம்பாக்கம் வரைக்கும் வண்டி வெண்ணெயாகப் போயிற்று. எஞ்சினைப் பற்றி நான் பெருமை பேசிக்கொண்டே வந்தேன். மாம்பாக்கத்தைத் தாண்டி ஒரு இறக்கம், அதன் அடியில் ஒரு சின்னக் கல்வெர்ட் பாலம். அதன்மேல் ஏறி இறங்கியதும் பின்னால் படார் என்று சத்தம் கேட்டது. வண்டி திடீரென்று லேசானது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் தன்பாட்டுக்கு ரோட்டை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. சரிவில் ஓடி, நேராக ஒரு பனைமரத்தில் மோதி நின்றது.

இறங்கி ஓடினோம். படகு மூக்கிலிருந்து நடுப்பலகைவரை இரண்டாகப் பிளந்திருந்தது. சார் உட்கார்ந்திருந்த பலகை துண்டாகி, அதன் முனை ஈட்டிபோல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. டிரெய்லர் முனையில் என் கொக்கியும் அதோடு பிய்ந்து வந்த சட்டமும் தொங்கின. சட்டத்தைக் கையில் எடுத்தேன். மேலே கறுப்புப் பெயிண்ட், உள்ளே முழுக்கத் துரு. விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கியது.

சார் படகின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் அந்தப் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். அவர் குரலை உயர்த்தவில்லை.

“அவரை உக்காரச் சொன்னது நீங்கதானே?”

அன்றைக்கு அவர் என்னைக் கண்டபடி திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

4. சுத்தியலோடு போனது

ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் லீவு போட்டேன். மறுபடியும் கோவிலம்பாக்கம் போனேன். அந்தப் புகைவண்டியை யாரும் சீண்டவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது. இந்தத் தடவை சாவியை நான் கேட்கவே இல்லை. கோணியை விரித்து அடியில் புகுந்து, சின்னச் சுத்தியலால் முன்னாலிருந்து பின்னால்வரை சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தட்டுக்கும் டங் டங் என்று கோயில் மணியாகப் பதில் வந்தது. முகத்தில் செங்கல் தூள்தான் கொட்டியது, துரு ஒரு பொட்டுகூட இல்லை. எஞ்சின் கெட்டால் இறக்கிவிட்டு வேறு எஞ்சின் ஏற்றலாம், சேஸிஸ் கெட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இது எனக்கு அதற்கு முன்பும் தெரியும். தெரிந்துதான் கோட்டைவிட்டேன்.

அந்த வண்டியை வாங்கி, பம்மல் வண்டியின் எஞ்சினை அதில் ஏற்றினேன். ஒரே மாடல் என்பதால் மவுண்டிங் போல்ட்டுகள் அப்படியே பொருந்தின. கூலி வாங்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வேலை சார் வீட்டுப் பின்புறத்திலேயே நடந்தது. அந்தப் பக்கம் சார் படகுக்குப் புதுப் பலகை இழைப்பார், இந்தப் பக்கம் நான் வண்டிக்குக் கீழே கிடப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டில் ஸ்பானர் சத்தம் கேட்கக் கூடாது. அன்றைக்கு முழுவதும் எனக்குக் கை அரித்துக்கொண்டே இருக்கும்.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீ கொண்டுவந்து வைப்பார், பேச மாட்டார். கடைசி நாள், கொக்கி எங்கே என்று கேட்டார். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களோடும் சேர்த்து பிளேட் வைத்து மாட்டியதைக் காட்டினேன். கொக்கி போனாலும் டிரெய்லர் போகாதபடி ஒரு சங்கிலியும் போட்டிருந்தேன். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, அவரே நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். பிறகு சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

5. குடை

மறுபடி கிளம்பிய காலையில் சாவியை சாரிடம் கொடுத்துவிட்டு, நான் போய் டிரெய்லரில் இருந்த படகில் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தேன். என்னப்பா இது என்று சார் பதறினார்.

“நான் பாத்த வண்டி சார். பின்னால நானே வரேன்,” என்றேன்.

டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். வீட்டுக்குள் போய்த் தன் குடையைக் கொண்டுவந்து, வெயில் ஏறும் என்று சொல்லி நீட்டினார். பூப்போட்ட குடை. அதைப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் படகில் உட்கார்ந்து தாம்பரத்தைத் தாண்டினேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவன், “இன்னா நைனா, தண்ணி எங்க?” என்று கத்தினான். ஸ்டாப்பே சிரித்தது.

அந்தக் கல்வெர்ட் வந்தபோது குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், டீச்சருடைய சாமி உட்பட. டிரெய்லர் ஒரு குதி குதித்தது, கொக்கி நின்றது. ஓரத்தில் அந்தப் பனைமரம் பட்டை உரிந்த காயத்தோடு என்னைக் கடந்து போயிற்று.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன். முதலில் மோந்து பார்ப்பேன், அப்புறம் சுத்தியல், கடைசியில்தான் எஞ்சின். எல்லாம் முடிந்து, வாங்கலாமா என்று அவர்கள் என் முகத்தைப் பார்க்கும்போது எனக்குள் ஒன்று கேட்டுக்கொள்வேன்: இதன் பின்னால் கட்டிய படகில் நான் உட்காருவேனா? மாட்டேன் என்று தோன்றினால், எஞ்சின் எவ்வளவு கிணீரென்று இருந்தாலும், வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.