நூலிழைத் தோல்வி

எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு கைபேசி விளையாட்டைத் தயாரித்தது. ஒரே நிறக் கட்டங்களை மூன்று மூன்றாகச் சேர்த்தால், பழைய காலத்துக் கார் ஒன்று புது உருவம் பெறும். சிறகு போலத் திறக்கும் கதவு வேண்டுமா, ஊதாக் கூரை வேண்டுமா என்று பட்டம் பெற்ற பதினோரு பேர் மணிக்கணக்கில் வாதிட்டோம். ஒரு முழம்கூட ஓடாத காருக்கு அத்தனை அக்கறை!

ஆடுபவரை ஒரே ஒரு கட்டம் குறையும்படி தோற்கவைப்பது என் பொறுப்பு. அப்போதுதான் அவர் விளம்பரம் பார்த்துவிட்டு மறுபடி ஆடுவார். விளையாட்டைத் தமிழாக்கிய எங்கள் குழு அந்த இழிவுக்கு 'நூலிழை' என்று அழகாகப் பெயர் சூட்டியிருந்தது.

ஒரு காலையில் மேம்பால நெரிசலில் எங்கள் கம்பெனி வண்டி நின்றது. ஆஸ்டின் டவுனைச் சேர்ந்த தமிழ் ஓட்டுநர் கைபேசியில் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற லாரி நகர்ந்ததும் திரையைப் பார்த்தபடியே வண்டியை எடுத்தார். அதன் பின்புறத்தை ஒட்டி பிரேக் அடித்தார்.

"ஒரே ஒரு பச்சை சார், நூலிழையில போச்சு! ஒரு வாரமா இதே கதை. நமக்கு மூளை பத்தல."

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

"உங்க மேல தப்பில்லண்ணா. தோக்கற மாதிரிதான் நாங்க செஞ்சு வச்சிருக்கோம்."

அவர் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னை நிதானமாகப் பார்த்தார்.

"இதுக்கா சார், தினம் ஆறு மணிக்கு உங்க வாசல்ல வந்து ஹாரன் அடிக்கறேன்?"