பாலூட்டும் அறை வாசலில்

தென்காசிப் பேருந்து நிலையத்தில் தரை துடைக்கும் அந்த அம்மாவை ஒரு சாரல் நாளில் பார்த்தேன். சேலைக்கு மேல் தொளதொளவென்று சீருடைச் சட்டை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிறவர்களின் காலடித் தடங்களை விடாமல் துடைத்துக்கொண்டே போனார்.

"அருவிய இங்கனயே கொண்டாந்திருதாவ," என்று முணுமுணுத்தார்.

மனைவி தேர்வு எழுதப் போயிருந்தாள். என் தோளில் நான்கு மாதக் குழந்தை. அந்த இரைச்சலில் பால் புட்டியை வாயில் வாங்காமல் வீறிட்டது. பாலூட்டும் அறை காலியாகத்தான் இருந்தது. பெண்களுக்கான இடமாயிற்றே என்று வாசலிலேயே தயங்கி நின்றேன்.

"என்ன யோசிக்கிய? பிள்ளைக்கு வயிறு காயுதுல்லா. உள்ள போங்க," என்றார் துடைத்துக்கொண்டே அங்கு வந்த அந்த அம்மா.

கதவைச் சாத்திவிட்டு அவர் வெளியே காவல் நின்றார்.

குழந்தை குடிக்கத் தொடங்கியபோது வெளியே ஓர் ஆண் குரல் கேட்டது.

"உள்ள யாரு?"

"ஒரு அம்மா பிள்ளைக்குப் பால் குடுக்காவ. ஆம்பளையளுக்கு இங்கன என்ன சோலி? போங்க அண்ணாச்சி."

குழந்தை குடித்து முடித்து என் நெஞ்சிலேயே உறங்கிப்போனது. நன்றி சொல்ல வெளியே வந்தபோது, அவர் அடுத்த ஈரத் தடத்தின் பின்னால் வெகுதூரம் போயிருந்தார்.

அவர் சொன்னது பொய் என்று இன்றுவரை என்னால் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.