பெரட்டுக்கு வந்த குரல்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு மலேசியாவின் ஈப்போவில் குமாஸ்தா வேலை, புந்தோங்கில் வாடகை வீடு. ஞாயிறு பத்திரிகைக்கு விஞ்ஞானக் கதைகள் எழுதுவேன். செவ்வாய்க்கிரகத்தில் கோப்பிக்கடை வைக்கப் போகிறவன் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள்.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த அப்பா முந்தைய வருஷம் செத்துப்போனார். அம்மா அங்கேயே தொழிலாளர் லயத்து வீட்டில் தனியாக இருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி, தீபாவளிக்குப் பிறகு என்னோடு வந்துவிடச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

அப்போதுதான் ராணுவ முகாமிலிருந்து ஒரு தமிழ் அதிகாரி, சீருடை இல்லாமல், என்னைப் பார்க்க வந்தார். இருபது வருஷம் கழித்து எதிரி துப்பாக்கியே தூக்காமல், வெறும் பேச்சால் ஒரு தோட்டத்தை எப்படிக் காலி செய்வான் என்று கதையாக எழுதித் தரச் சொன்னார். பட்டாளமே என்னைப் படிக்கிறது என்றதும் தலைகால் புரியவில்லை.

ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், செத்த மண்டோரின் குரலில் ஒரு இயந்திரம் பேசும். பெயர்களை வரிசையாகக் கூப்பிட்டு, இன்று பால்மரம் சீவ வேண்டாம், ஆற்றுக்குப் போங்கள் என்னும். பெரட்டில் பெயர் சொன்னால் தோட்டத்து ஆள் மறுபேச்சு பேசுவதில்லை. நிஜம் போல இருக்கட்டும் என்று எங்கள் தோட்டத்தையும் அதன் ஆட்களின் பெயர்களையும் அப்படியே போட்டேன். என்ன மடத்தனம்!

இரண்டு மாதம் கழித்து அதிகாரி சிரித்துக்கொண்டே வந்தார். எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே மூடுபனியில் லாரியை மறைத்து, ஒரு சிப்பாயை விட்டு ஒலிபெருக்கியில் என் தாளை வாசிக்க வைத்தார்களாம்.

“நீங்க எழுதுனது சரிதான் தம்பி. ஒருத்தரும் ஏன்னு கேக்கல லா.”

அன்றே சுங்காய்க்கு பஸ் ஏறினேன்.

ஈப்போவுக்கு வரக் கட்டிவைத்திருந்த துணிமூட்டையை அம்மா அவிழ்த்திருந்தாள். எல்லோரோடும் மத்தியானம் வரை ஆற்றங்கரையில் நின்றாளாம். நான் அழுதபடி நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். அவள் கோபப்படவே இல்லை.

“கதை நீ எழுதுனதா இருக்கும்யா. பேர் கூப்புடுறதுக்கு முன்னால ரெண்டு தடவ இருமுனது உங்கப்பாதான்.”

அந்த இருமலை நான் எழுதவில்லை. ஈப்போவுக்குப் போகலாம் என்று மறுபடி கெஞ்சினேன்.

“அடுத்த தடவ கூப்புடுறப்ப நான் இல்லன்னா, ஆப்சென்ட் போட்டுருவாரு.”

மறுநாள் விடியலில் அவளோடு நானும் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். லாரி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பனிக்குள்ளிருந்து யாரும் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் கையை உயர்த்தி, “இருக்கேன்” என்றாள்.