வாய் திறந்த படம்

என்னிடம் கேமரா இருந்த காலத்தில் தாம்பரத்தில் என்னைப் பைத்தியம் என்று சொல்லாதவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட்டால் கேமராவைத் தொடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காய்க் கட்டுகளையும் ஈரத் தரையில் விழும் வெயிலையும் எடுப்பேன். "ஃபிலிம் என்ன ஓசியிலயா வருது?" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை. நடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். நான் எடுத்த படங்கள்மேல் எனக்குக் கர்வம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

மார்க்கெட்டில் மீன் விற்ற ஓர் அம்மாள் கடலோரக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருவார். அப்பப்பா, என்ன குரல்! ஒருநாள் வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து, முடி கலைய, வாயை முழுக்கத் திறந்து அவர் கூவிய நொடியில் எடுத்துவிட்டேன். "இன்னாமா, மீன் வாங்க வந்தியா, படம் புடிக்க வந்தியா?" என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டார்.

சில மாதங்களில் அவர் திடீரென்று இறந்துபோனார். மகள் தன் அப்பாவோடு என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, வூட்ல அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்ல. நீங்க எடுத்தீங்கன்னு மார்க்கெட்ல சொன்னாங்க. காரியத்துக்கு மாலை போடணும்."

பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அப்பா முகம் சுளித்தார். "செத்தவ வாயைத் தொறந்துகினு கீறா. இதுக்கு எப்படிமா மாலை போடுறது?"

எனக்குச் சுரீர் என்றது. துக்கத்தில் இருப்பவரோடு வாதாட முடியுமா? அவர் படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டச்சப் செய்யச் சொன்னார். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். இறந்தவர் யாராக இருந்தாலும் ஸ்டூடியோக்காரர் தூரிகையாலேயே பட்டுப்புடவை கட்டி நகையும் பூட்டிவிடுவார்.

காரியத்தன்று குப்பத்துக்குப் போனேன். சுவரில் இருந்த படத்தில் வாய் மூடியிருந்தது. தலை படிய வாரியிருந்தது, காதில் ஜிமிக்கி, கையில் மீனைக் காணோம். அவரோடு கூடை சுமந்த பெண்கள் பார்த்துவிட்டு, "யாருடி இது?" என்று கேட்டார்கள். மகள் உடைந்து போனாள். "எனுக்கே தெரியலயே! இப்படியே பாத்துகினு இருந்தா எங்கம்மா மூஞ்சியே மறந்துடுமே!"

என் பையில் இன்னொரு பிரின்ட் இருந்தது. பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்தே கொண்டுபோயிருந்தேன். திமிர்தான், வேறென்ன? எடுத்து நீட்டினேன். அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் மகள் அந்தப் பட்டுப்புடவைக்காரியை இறக்கிவிட்டு, என் படத்தை மாட்டி மாலை போட்டாள்.

அப்பா ரொம்ப நேரம் படத்தின் முன்னால் நின்றார். அப்புறம் அழுதுகொண்டே சிரித்தார்.

"மெதுவாப் பேசுடி," என்றார் படத்தைப் பார்த்து, "ஊருக்கே கேக்குது."