வேகமா ஓட்டு

இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சா பகுதியில், ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் நாலைந்து பேர் கூடி ஒரு தொலைக்காட்சித் தொடர் பார்ப்போம். சிறையிலிருந்து விடுதலையான ஒருவனின் கதை அது. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கும் அக்காவும் வருவார். ஒல்லியான உருவம், இறுக்கிக் கட்டிய கொண்டை. எவ்வளவு சொன்னாலும் கதிரை நுனியில்தான், கைப்பையை மடியில் வைத்தபடி இருப்பார். அதிகம் பேசமாட்டார்.

ஒரு ஞாயிறு பார்த்த பகுதியிலும் நாயகன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

"என்ன இழவு நாடகம்! சும்மா இருக்கிறான். வேகமா ஓட்டு," என்றார் என் கணவர், ரிமோட்டைக் காட்டி. எல்லோரும் சிரித்தோம்.

அக்கா எழுந்துவிட்டார்.

"என்ர மனிசனும் மறியலாலை வந்து ஒரு வருஷம் அறைக்குள்ளைதான் இருந்தவர். ஏன் சும்மா இருக்கிறார் எண்டு ஊர்ச்சனமெல்லாம் என்னைக் கேட்டது. குற்றமே செய்யாத மனிசனை வருஷக்கணக்காப் பூட்டி வைச்சவங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. சொல்லுங்கோ, அவரை நான் எந்தப் பொத்தானை அமத்தி ஓட்டியிருக்கோணும்?"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவர் பிறகு வரவேயில்லை.

தொடரை ஓட்டாமல் கடைசிவரை பார்த்தோம். நாயகன் ஒருநாள் தெருவில் இறங்கி நடந்தான். அக்காவின் கணவர் இறங்கினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.